ஓர்பாவின் சிட்டும் முள்கொடியும்

டில்ஃபோர்டில் இரண்டாம் தெருவில், ஜன்னல் திரைகளை வருஷம் முழுவதும் இழுத்து மூடியே வைத்திருந்த வீடு ஒன்றுதான் இருந்தது. அது ஓர்பா லிண்டமூடின் வீடு. புதிதாக வேலைக்கு வந்த தபால்காரர், அந்த வீட்டில் யாரோ இறந்திருக்கிறார்கள் என்று நினைத்து ஒரு வாரம் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டே கடிதம் போட்டாராம். துக்கம் ஒன்றும் இல்லை. பழைய காலத்தில் கண்ணாடிப் பாத்திரத்தின் பச்சை போவதற்காகக் கலவையில் ஒரு மருந்து சேர்ப்பார்கள். வருஷக்கணக்கில் வெயில் பட்டால் அந்த மருந்தே கண்ணாடியை ஊதாவாக்கிவிடும். அதற்குப் பயந்துதான் திரை. கண்ணாடிக்காக ஒரு மனுஷி முப்பது வருஷம் பகலிலும் விளக்குப் போட்டுக்கொண்டு வாழ்ந்தாள்.

முப்பத்தைந்து வருஷம் அவள் தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்தவள். எண்ணைச் சுழற்றும் பெட்டி வருவதற்கு முன், ஊரில் யார் யாரோடு பேச வேண்டுமானாலும் ஓர்பாவின் கை வழியாகத்தான் பேச வேண்டும். பிரசவ வலி, கடைச் சண்டை, காதல், மரணம் எல்லாம் அவள் காதுக்கு முதலில் வந்தன. வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால் அவளை அழைத்துப் பேச யாரும் இல்லை. கல்யாணம் ஆகவில்லை. அப்பா அவளுடைய பன்னிரண்டு வயதில் போய்விட்டார். அம்மா 1949-இல் போனாள். கலிஃபோர்னியாவில் சித்தப்பா மகன் ஒருவன் இருந்தான், கிறிஸ்துமஸுக்கு அட்டை மட்டும் அனுப்புவான்.

நான் அவளை முதலில் கோயிலில்தான் அறிந்தேன். எங்கள் மெதடிஸ்ட் கோயிலில் இடது பக்கம் நான்காவது பெஞ்சின் ஓரத்தில் அவள் உட்காருவாள். பாட்டு நன்றாகப் பாடுவாள். ஜெபம் முடிந்ததும் யாரிடமும் நிற்காமல் போய்விடுவாள். ஒரு குளிர்காலத்தில் அவளுக்கு நெஞ்சுச் சளி வந்தபோது, பீடத்துப் பூக்களையும் கொஞ்சம் சூப்பையும் கொடுத்துவிட்டு வா என்று பெண்கள் சங்கத்தில் என்னை அனுப்பினார்கள். உள்ளே போனால் கூடத்துச் சுவர் முழுக்கக் கண்ணாடி. தண்ணீர் கிளாஸ், பால் ஜாடி, சர்க்கரைக் கிண்ணம், மூடி போட்ட வெண்ணெய்ப் பாத்திரம், கேக் வைக்கும் கால் தட்டு. எல்லாவற்றிலும் ஒரே சித்திரம். முள்கொடியில் உட்கார்ந்திருக்கும் ஒரு சின்னச் சிட்டு, வாலைத் தூக்கிக்கொண்டு.

நான் ஆற்றுக்கு மேற்கே இன்றும் ஓடுகிற கண்ணாடி ஆலையில் தேர்வு அறையில் வேலை செய்கிறவள். உலையிலிருந்து வந்து ஆறிய ஒவ்வொரு கிளாஸையும் விளக்குக்கு நேரே பிடித்து, குமிழி, கல், விரிசல் பார்த்து ஒதுக்குவதுதான் வேலை. அந்தப் பழக்கத்தில் அவளுடைய கிளாஸ் ஒன்றை எடுத்து விளக்கில் திருப்பிப் பார்த்துவிட்டேன். பின்னாலிருந்து குரல் வந்தது.

"குறை கண்டுபிடிக்க வந்தியா, இல்ல சூப்புக் குடுக்க வந்தியா?"

நான் வெட்கப்பட்டுக் கீழே வைத்தேன். என்ன தெரிந்தது என்று கேட்டாள். உள்ளே ஒரு குமிழி இருக்கிறது, அச்சு மூன்று துண்டாகத் திறக்கிற அச்சு, மூட்டுக் கோடு மூன்று இருக்கிறது என்றேன். அவள் படுக்கையில் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். நோயாளிக்குச் சூப்புக் கொடுக்கப் போன நான் மூன்று மணி நேரம் கண்ணாடிப் பேச்சு கேட்டேன். அதன்பிறகு சனிக்கிழமைதோறும் போனேன். அவள் என்னைவிட இருபது வயது மூத்தவள்.

அவள் சொன்ன கதை இது. எங்கள் ஊரிலும் ஒரு ஆலை இருந்தது. பூமியிலிருந்து வரும் எரிவாயுவை இலவசமாகத் தருகிறோம் என்று ஊர்க்காரர்கள் ஆசை காட்டி அழைத்ததால் வந்த ஆலை. வாயு வற்றியும் கொஞ்ச காலம் நிலக்கரியில் ஓடி, பஞ்ச காலத்தில் மூடிப்போனது. பணக்காரர்கள் கையால் வெட்டிப் பட்டை தீட்டிய கண்ணாடியில் சாப்பிடுவார்கள். அதைப் பார்த்து ஏங்குகிற எளிய வீட்டுப் பெண்களுக்காகத்தான் அழுத்துக் கண்ணாடி. ஒருவன் உலையிலிருந்து உருகிய கண்ணாடியை இரும்புக் கோலில் தேன்போல் சுருட்டி எடுப்பான். இன்னொருவன் கத்தரியால் நறுக்கி இரும்பு அச்சுக்குள் விழவிடுவான், நெம்புகோலை இழுத்து அழுத்துவான். ஒரு மூச்சு விடும் நேரத்தில் பூவும் கொடியுமாகப் பாத்திரம் வந்துவிடும். ஆனால் அந்தப் பூவை முதலில் இரும்பில் ஒருவன் வெட்டியிருக்க வேண்டும். அதுவும் தலைகீழாக, கண்ணாடியில் மேடாக வர வேண்டியதை இரும்பில் பள்ளமாக. ஓர்பாவின் அப்பா ஏமஸ் லிண்டமூட் அந்த வேலை செய்தவர்.

அவர் அதிகம் பேசாதவர். சாயங்காலம் வீடு வந்தால் விரல் நுனிகளில் குத்தியிருக்கும் இரும்புத் தூளை அம்மா ஊசியால் எடுத்துவிடுவாளாம். அப்படி எடுத்துக்கொண்டிருந்த ஒரு நாள் அவர், இன்றைக்குப் பறவைக்கு இறக்கை வெட்டினேன் என்று சொன்னார். அப்பா தன் வேலையைப் பற்றிச் சொல்லி ஓர்பா கேட்டது அந்த ஒரு வாக்கியம்தான். அவர் செய்த எதுவும் வீட்டில் இல்லை. படமும் இல்லை. கல்லறைக் கல்லில்கூட முழுப் பேர் கிடையாது, பேரின் முதலெழுத்து இரண்டுதான்.

அம்மா போன இரண்டாம் வருஷம், மூடிக் கிடந்த ஆலையின் பின்புறம் ஆற்றங்கரையில் நடந்துகொண்டிருந்தபோது, மண்ணில் ஒரு சில்லு மின்னியது. எடுத்துத் துடைத்தால் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு சிட்டு. அதை அவள் கையுறைக்குள் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். அவ்வளவுதான், வாழ்க்கை திரும்பிவிட்டது. ஒரு கோயில் பழம்பொருள் விற்பனையில் அதே சிட்டு இருந்த முழுக் கிளாஸ் கிடைத்தது. பிறகு பஸ்ஸிலும் கடிதத்திலும் இருபது வருஷம் தேடினாள். சேகரிப்பாளர்கள் எழுதி வைத்த எந்தப் பட்டியலிலும் அந்தச் சித்திரம் இல்லை. பழைய ஆலைகள் சித்திரத்துக்கு எண்தான் போட்டன, பேரெல்லாம் பின்னால் வந்த சேகரிப்பாளர்கள் வைத்தது. இவளும் ஒரு பேர் வைத்தாள், சிட்டும் முள்கொடியும்.

பழைய அழுத்துக் கண்ணாடி சேர்க்கிறவர்களுக்கு ஒரு சங்கம் உண்டு. பல மாநிலத்துக்காரர்கள் அதில் இருந்தார்கள். ஓர்பா சில்லைப் படம் எடுத்து அவர்களுடைய செய்திமடலுக்கு எழுதினாள். ஆலையின் குப்பைமேட்டிலேயே சில்லு கிடைத்தால் அந்த ஆலைதான் செய்தது என்பது அவர்கள் நடுவில் ஒத்துக்கொண்ட வழக்கம். செயலாளர் கிளைட் எபர்சோல் இந்தியானாவில் ஓய்வுபெற்ற அஞ்சல் அதிகாரி. அவரே வந்து பார்த்து ஒப்புக்கொண்டார். அன்று முதல் ஜூன் மாதக் கடைசிச் சனிக்கிழமை சங்கத்தார் முப்பது பேர் ஓர்பாவின் வீட்டுக்கு வருவது பழக்கமாயிற்று. அவள் முந்தின நாளே கோழியை வேகவைத்து நூடுல்ஸ் உருட்டி வெட்டிக் காயப்போடுவாள், ருபார்ப் என்ற புளிப்புத் தண்டை மாவுக்குள் வைத்துப் பை நான்கு சுடுவாள். அந்த ஒரு நாள் அந்த வீட்டில் நாற்காலி பத்தாது. எபர்சோலின் மனைவி மெர்ல் வாயாடி. அவள் சமையலறையில் நின்று, நானும் ஒரு கிளாஸும் ஒரே நேரத்தில் விழுந்தால் என் புருஷன் எதைப் பிடிப்பார் என்று எனக்குத் தெரியும், அதனால்தான் நான் பார்த்து நடக்கிறேன் என்பாள். ஓர்பா சிரித்து நான் பார்த்தது அங்கேதான்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு வரும்போது அவள் முகத்தில் அந்தச் சிரிப்பின் மிச்சம் இருக்கும். திங்கட்கிழமைக்குள் தீர்ந்துவிடும்.

1976-இல் சங்கம் ஒரு பெரிய புத்தகம் போட ஏற்பாடு செய்தது. ஒவ்வொரு சித்திரத்துக்கும் ஒரு பக்கம். செய்த ஊர், ஆலை, வருஷம். பிப்ரவரியில் எபர்சோல் அவளுக்கு அந்தப் பக்கத்தின் நகலை அனுப்பினார். அதில், டில்ஃபோர்டு ஆலை, அச்சு வெட்டியவர் ஏமஸ் லிண்டமூட் என்று இருந்தது. ஜூன் கூட்டத்துக்குப் பிறகு அச்சுக்குப் போகும், திருத்தம் இருந்தால் சொல்லுங்கள் என்று எழுதியிருந்தார். அந்தக் காகிதத்தை அவள் பாட்டுப் புத்தகத்துக்குள் வைத்துக் கோயிலுக்குக் கொண்டுவந்தாள். என்னிடம் மட்டும் காட்டினாள். விரலால் அப்பாவின் பேரைத் தொட்டுக்கொண்டு, "முழுப் பேரும் போட்டிருக்காங்க, வெல்மா" என்றாள்.

மார்ச்சில் ஆற்றில் வெள்ளம் வந்தது. தண்ணீர் வடிந்ததும் ஆலைக்குப் பின்னால் கரை ஒரு வீடு அளவுக்குச் சரிந்து கிடந்தது, உள்ளே பழைய குப்பைமேடு பிளந்து தெரிந்தது. நாங்கள் இரண்டு பேரும் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு சனிக்கிழமை காலையில் போனோம். ஏழு வாளி சில்லு எடுத்தோம். அவள் நிலவறையில் துணி துவைக்கும் தொட்டியில் போட்டுக் கழுவி, செய்தித்தாளில் பரப்பினோம். அவள் அறுபத்து நான்கு வயதுக்காரி, சின்னப் பிள்ளைபோல் குனிந்து குனிந்து தேடினாள். சிட்டு வந்துகொண்டே இருந்தது. ஒன்று, இரண்டு என்று பத்தொன்பது சிட்டு. முன்பெல்லாம் கிடைத்தது சின்னச் சின்ன உடல்துண்டுதான். இந்த முறை கிளாஸின் கால்கள் கிடைத்தன, அடிவளையம் நான்கு கிடைத்தது.

நான் ஒரு அடிவளையத்தை எடுத்து, பழக்கத்தில், விளக்குக்கு நேரே பிடித்தேன்.

தேர்வு அறையில் எத்தனை லட்சம் அடிவளையம் பார்த்திருப்பேன் என்று சொல்ல முடியாது. புதுக் கண்ணாடியின் அடி மழுமழுவென்று நெருப்புப் பட்ட பளபளப்போடு இருக்கும். இது அப்படி இல்லை. வளையத்தின் மேட்டில் மட்டும் மெல்லிய கீறல்கள், எல்லாத் திசையிலும், பனி படிந்தது போல வெளுத்து. மேசையில் வைத்து எடுத்து, வைத்து எடுத்து, வருஷக்கணக்கில் புழங்கினால்தான் அப்படி ஆகும். ஆலையை விட்டு வெளியே போகாமல் உடைந்து குப்பையில் விழுந்த கிளாஸுக்கு அந்தக் கீறல் வர வழியில்லை. அடுத்த மூன்றையும் எடுத்துப் பார்த்தேன். மூன்றிலும் அப்படியே. ஒரு காலில் பழுப்பாகப் பசை ஒட்டியிருந்தது. யாரோ ஒரு வீட்டில் உடைந்ததை ஒட்டி வைத்துக்கொண்டு இன்னும் கொஞ்ச நாள் புழங்கியிருக்கிறார்கள்.

மற்றச் சில்லுகளைப் பார்த்தேன். பட்டைக்கோடு போட்டது, டெய்சிப் பூப் போட்டது, இவையெல்லாம் எங்கள் ஊர் ஆலையின் கழிவுதான், சந்தேகமில்லை. அச்சு சரியாக மூடாமல் ஓரத்தில் செதிள் போல் பிதுங்கியது, நசுங்கியது, இரண்டு ஒட்டிப்போனது எல்லாம் அதில் இருந்தன. சிட்டில் அப்படிக் கெட்டுப்போன ஒன்றுகூட இல்லை. பத்தொன்பதும் நன்றாகச் செய்து, விற்று, புழங்கி, பிறகு உடைந்தது.

நான் அடிவளையங்களைச் செய்தித்தாளின் மடிப்புக்குக் கீழே தள்ளினேன். பொய் சொல்லக் கூடாது என்று பிள்ளைகளுக்கு ஞாயிறு பள்ளியில் சொல்லிக் கொடுக்கிற கைதான் தள்ளியது. ஆண்டவரே, நான் எதையும் பார்க்கவில்லை என்று ஆகிவிடட்டும் என்று மனதுக்குள் கேட்டேன். அவருக்கும் கேட்டிருக்கும், ஓர்பாவுக்கும் தெரிந்துவிட்டது.

"அங்க என்னத்த ஒளிக்கிற?"

ஒன்றுமில்லை என்றேன்.

"நாள் முழுக்கக் கிளாஸப் பாக்குறவ நீ. நான் ஊர்ப் பேச்செல்லாம் கேட்டவ. ஒண்ணுமில்லைன்னு ஒருத்தி சொன்னா அதுல எவ்வளவு இருக்குன்னு எனக்குத் தெரியும். எடு."

எடுத்துக் கொடுத்தேன். கீறலைக் காட்டினேன். அவள் பூதக்கண்ணாடியால் பார்த்தாள். அப்புறம் உடைசலைப் பற்றிச் சொன்னேன். கண்ணாடி ஆலைக்காரர்களுக்கு இது சாதாரண விஷயம். மணலும் சோடாவும் மட்டும் போட்டு உருக்கினால் நேரமாகும், எரிபொருளும் நிறைய ஆகும். பழைய உடைசல் பாதி சேர்த்தால் சீக்கிரம் உருகும். அதனால் எந்த ஆலையும் வெளியிலிருந்து உடைசல் வாங்கும். கந்தல் வண்டிக்காரன் வீடு வீடாகப் பொறுக்கி வருவான், வேறு ஊர்களிலிருந்து படகிலும் வரும். உலைக்குப் போகாமல் சிந்தியது குப்பையில் கிடக்கும். எங்கள் ஆலையின் முற்றத்தில் இன்றும் மலைபோல் கிடக்கிறது, அதில் நாங்கள் செய்ததைவிட செய்யாததுதான் அதிகம். பத்து வருஷமாகச் சனிக்கிழமைதோறும் அவளோடு உட்கார்ந்த எனக்கு இது முன்னமே தோன்றாமல் போனதுதான் ஆச்சரியம். தோன்ற வேண்டாம் என்று இருந்தேனோ என்னவோ.

அவள் எல்லாவற்றையும் கேட்டாள். காப்பி போடுகிறேன் என்று மேலே போனாள். நான் மிச்சச் சில்லைக் கழுவி அடுக்கினேன். காப்பி வாசனையும் வரவில்லை, அவளும் வரவில்லை. மேலே போய்ப் பார்த்தால் கூடத்தில் கண்ணாடி அலமாரிக்கு முன்னால் கோட்டுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எங்கேயோ கிளம்பிப் போகப் போகிறவள்போல. போவதற்கு இடம் இல்லை. வரட்டுமா என்றேன், தலையாட்டினாள்.

மூன்று ஞாயிறு அவள் கோயிலுக்கு வரவில்லை. நான்காவது பெஞ்சின் ஓரம் காலியாக இருந்தது, அங்கே யாரும் உட்காரவுமில்லை. கதவைத் தட்டினால் திறந்தாள், பேசினாள், சீதோஷ்ணத்தைப் பற்றிப் பேசினாள், கண்ணாடியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நான் சொன்னது சரிதானா, சொல்லாமல் இருந்திருக்கலாமா என்று தினமும் ஜெபத்தில் கேட்டேன். அந்தப் புத்தகத்தில் அவள் அப்பா பேர் இருப்பதால் யாருக்கு என்ன கேடு என்று ஒரு மனம் சொன்னது. அது சரியில்லை என்று இன்னொரு மனம் சொன்னது. இரண்டும் என் மனம்தான்.

ஜூன் கடைசிச் சனிக்கிழமை வந்தது. சங்கத்தார் வந்தார்கள். கோழி நூடுல்ஸ் இருந்தது, பை இருந்தது, மெர்லுடைய வேடிக்கைப் பேச்சும் இருந்தது. நான் பரிமாற உதவிக்குப் போயிருந்தேன். ஓர்பா என்னைப் பார்க்கவே இல்லை. சாப்பாடு முடிந்ததும் எபர்சோல் தோல்பையிலிருந்து அச்சுத் தாள்களை எடுத்து, உங்கள் பக்கத்தில் திருத்தம் ஒன்றும் இல்லையே, மிஸ் லிண்டமூட் என்று கேட்டார்.

அவள் நிலவறையிலிருந்து இரண்டு தட்டு கொண்டுவந்து மேசையில் வைத்தாள். ஒன்றில் எங்கள் ஊர் ஆலையின் கெட்டுப்போன சில்லு. இன்னொன்றில் சிட்டு. கீறலைக் காட்டினாள், பசையைக் காட்டினாள், உடைசலைப் பற்றிச் சொன்னாள். தொலைபேசி நிலையத்தில் எண் சொல்வதுபோல நிதானமாகச் சொன்னாள். என் பேரை எடுக்கவில்லை.

அடிவளையம் கை மாறி மாறிப் போனது. எபர்சோல் நல்ல மனிதர். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, டில்ஃபோர்டு ஆலை செய்து டில்ஃபோர்டு வீட்டில் புழங்கி உடைந்து திரும்ப டில்ஃபோர்டு குப்பைக்கே வந்திருக்கலாம் அல்லவா என்றார். அதுவும் நடக்கிற காரியம்தான், எனக்குத் தெரியும். இடத்தையும் பேரையும் அப்படியே வைத்து, கருதப்படுகிறது என்று ஒரு வார்த்தை மட்டும் சேர்த்துவிடுவோம் என்றார். மேசையைச் சுற்றி எல்லாரும் அதற்குத் தலையாட்டினார்கள். அந்த வீட்டின் சாப்பாட்டைப் பதினெட்டு வருஷம் சாப்பிட்டவர்கள் அல்லவா.

ஓர்பா நின்றுகொண்டே இருந்தாள்.

"இருக்கலாம், மிஸ்டர் எபர்சோல். இல்லாமலும் இருக்கலாம். இருபத்தஞ்சு வருஷமா 'இருக்கலாம்'ங்கிறத 'இருக்கு'ன்னு சொல்லிட்டேன். நீங்கல்லாம் நம்பினீங்க. எங்கப்பா ஏதோ ஒரு பறவைக்கு இறக்கை வெட்டினார். அது இந்தப் பறவைன்னு எனக்குத் தெரியாது. வேற ஊர்ல வேற ஒருத்தர் இத வெட்டியிருந்தா, அவருக்கும் ஒரு மக இருந்திருப்பா."

எபர்சோல் சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்து, அந்த வரியை அடித்தார். அப்பாவின் பேரின் மேல் பென்சில் போவதை அவள் கண் எடுக்காமல் பார்த்தாள். மெர்ல் எழுந்து பாத்திரம் கழுவப் போனாள், அன்று ஒரு வேடிக்கையும் சொல்லவில்லை. காரில் ஏறும்போது எல்லாரும் வழக்கம்போல நன்றி சொன்னார்கள், வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகமாக.

மறு வருஷம் கூட்டத்தை இந்தியானாவில் வைத்துக்கொண்டார்கள். யாருக்கும் அவள்மேல் வருத்தம் இல்லை, எபர்சோல் தானே கடிதம் எழுதி அழைத்தார். பார்க்க வேண்டிய ஊர் என்று டில்ஃபோர்டுக்கு இனி ஒரு காரணம் இல்லை, அவ்வளவுதான். இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். அவள் போகவில்லை. புத்தகம் தபாலில் வந்தது. சிட்டும் முள்கொடியும் என்ற பக்கத்தில் படம் இருந்தது, செய்த இடம் தெரியவில்லை என்று இருந்தது. அன்று நான் போயிருந்தேன். அவள் அந்தப் பக்கத்தை இரண்டு முறை படித்தாள். படம் நன்றாக வந்திருக்கிறது என்றாள். இருந்து சாப்பிட்டுவிட்டுப் போயேன், நேற்று வைத்த ஹாம் கறி இருக்கிறது என்றாள். என் புருஷன் ரஸ் வாசலில் வண்டியில் காத்திருந்தார், அடுத்த வாரம் இருக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். அடுத்த வாரம் இருந்தேன், ஆனால் அவள் இரு என்று கேட்டது முந்தின வாரம்.

அதற்குப் பிறகும் ஆறு வருஷம் இருந்தாள். புதிதாக ஒரு கண்ணாடியும் வாங்கவில்லை, இருந்ததில் ஒன்றையும் விற்கவும் இல்லை. திரை அப்படியே இழுத்துத்தான் இருந்தது. எந்த ஊர்க் கண்ணாடியாக இருந்தாலும் வெயில் பட்டால் ஊதாவாகத்தானே போகும் என்று ஒருமுறை சொன்னாள். ஜூன் கடைசிச் சனிக்கிழமைகளில் நான் எப்படியாவது போய்விடுவேன். இரண்டு பேருக்குக் கோழி நூடுல்ஸ் செய்வாள்.

1983 நவம்பரில் அவள் போனாள். ஆலையில் கிறிஸ்துமஸ் சரக்குக்காக வாரம் ஆறு நாளும் வேலை போட்டிருந்தார்கள், அந்தச் சனிக்கிழமை என்னால் போக முடியவில்லை. வாசல் பெட்டியில் இரண்டு நாள் கடிதம் எடுக்கப்படாமல் இருந்ததைப் பார்த்துத் தபால்காரர்தான் ஆளை அழைத்தார். கூடத்தில் நாற்காலியில் இருந்திருக்கிறாள், விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதை நினைத்து நான் கர்த்தரிடம் எத்தனையோ முறை மன்னிப்புக் கேட்டுவிட்டேன்.

கலிஃபோர்னியாக்காரன் வரவில்லை. எல்லாவற்றையும் ஏலம் விடச் சொல்லித் தொலைபேசியில் சொன்னானாம். அடுத்த மே மாதம் ஒரு சனிக்கிழமை காலையில் புல்வெளியில் மேசை போட்டு வீட்டைக் கொட்டிவிட்டார்கள். எங்கள் பெண்கள் சங்கம் தெருவோரத்தில் சாண்ட்விச்சும் பையும் விற்றது. முதலில் சமையலறைச் சாமான்கள் போயின. நாற்காலி இரண்டு, ஒரே ஜோடி. ஒன்றின் இருக்கையில் வண்ணம் முழுக்கத் தேய்ந்து மரம் தெரிந்தது, இன்னொன்று கடையிலிருந்து நேற்று வந்ததுபோல் இருந்தது. ஒரு வாலிபன் இரண்டையும் சேர்த்து வாங்கிக்கொண்டு போனான்.

பிறகு சிட்டுக் கிளாஸ்கள். வெயிலில் அவற்றை நான் பார்த்தது அன்றுதான். ஐம்பத்தேழு உருப்படியும் வெள்ளைத் துணியில் நின்று மின்னின, ஒவ்வொரு சிட்டும் தெளிவாகத் தெரிந்தது. ஏலக்காரர் பக்கத்து ஊர்க்காரர், குரல் பெரியது, கையும் வாயும் ஓயாது. ஒரு கிளாஸைத் தூக்கிப் பிடித்து, இது வேறு எங்கேயும் கிடைக்காது, இதே ஊரில், இதோ தெரிகிற அந்த ஆலையில், இந்த வீட்டுக்கார அம்மாவின் சொந்த அப்பா அச்சு வெட்டிச் செய்தது என்றார். எங்கள் ஊர்க்காரர்கள் பலர் பெருமையாகத் தலையாட்டினார்கள். கண்ணாடிச் சங்கத்தின் புத்தகம் எங்கள் ஊரில் யாருக்குத் தெரியும். அவர்களுக்கு அது எப்போதும் எங்கள் ஊர்ச் சிட்டுதான். ஏழெட்டுக் கை மேலே போனது.

நான் பை விற்கும் மேசைக்குப் பின்னால் நின்றேன். கூட்டத்தில் வாய் திறந்து பழக்கம் இல்லாதவள். கோயிலில் சாட்சி சொல்லக்கூட எழுந்ததில்லை. முன்பு ஒருமுறை அடிவளையத்தைக் காகிதத்துக்குக் கீழே தள்ளிய கை இப்போது ஏப்ரனில் கிடந்தது. ஓர்பா இருந்தால் இந்த நேரத்தில் நின்றிருப்பாள் என்பது மட்டும் தெரிந்தது.

"அது இங்க செஞ்சதுன்னு யாருக்கும் தெரியாதுங்க" என்றேன்.

கூட்டம் திரும்பியது. ஏலக்காரர் கிளாஸைப் பிடித்தபடியே என்னைப் பார்த்தார். "ஏம்மா, நீங்க பை விக்க வந்தீங்களா, என் சரக்குக்கு விலையக் குறைக்க வந்தீங்களா?"

சிரித்தார்கள். நான் ஏப்ரனிலிருந்து கையை எடுத்தேன்.

"இந்த வீட்டுக்காரம்மாவே அப்படித்தான் சொன்னாங்க. அவங்க அப்பா பேர அவங்களே எடுக்கச் சொன்னாங்க. நான் பக்கத்துல நின்னேன்."

சிரிப்பு நின்றது. ஏலக்காரர் கிளாஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், அதில் எங்கேயாவது எழுதியிருக்கும் என்பதுபோல. "அப்ப நான் எங்க செஞ்சதுன்னு சொல்லட்டும்?"

"தெரியாதுன்னு சொல்லுங்க."

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, சிட்டும் முள்கொடியும், செய்த இடம் தெரியாது என்று சொல்லி மறுபடியும் ஆரம்பித்தார். தூக்கிய கைகளில் இரண்டு இறங்கிவிட்டன. விலை குறைந்துதான் போயிற்று. ஐம்பத்தேழு உருப்படியும் ஆறு கார்களில், ஆறு திசைக்குப் போயின.